டீசல் இறைவை எஞ்சின்: பராமரிப்பும் பழுதறியும் முறையும்

மின்சார இணைப்பு எட்டாத கிணறுகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் டீசலால் ஓடும் ஆயில் எஞ்சினே இன்றும் இறைவைக்குத் துணையாக இருந்து வருகிறது. கதிர் வெளிவரும் பருவத்தில் எஞ்சின் சில நாள் நின்றுபோனால், மணி பிடிக்காமல் பயிர் பதராகப் போவது விவசாயிகள் அறிந்ததே. நிற்கும் எஞ்சின்களில் பல, தேய்மானத்தால் நிற்பவை அல்ல. தூசியும் நீரும் காற்றும் புகத்தகாத இடத்தில் புகுந்தமையால் நிற்பவையே அவை.

இயங்கும் விதம்

பெட்ரோல் எஞ்சினில் உள்ளதுபோல் இதில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 16இல் ஒரு பங்காக நெருக்குகிறது. நெருக்குண்ட காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அத்தருணத்தில் இன்ஜெக்டர் டீசலை நுண்துளிகளாகத் தூவ, அது தானே பற்றிக்கொள்ளுகிறது. ஆகவே சுத்தமான காற்று, சுத்தமான டீசல், கசிவில்லாத அழுத்தம் என்னும் மூன்றும் இருந்தால் எஞ்சின் ஓடும். ஒன்று குறைந்தாலும் முரண்டு செய்யும்.

அன்றாடக் கவனம்

டீசல் பீப்பாயைச் சற்றே சாய்த்து வைத்து, அசையாமல் ஒரு நாள் தெளியவிட்டு, அடிமண்டியைக் கலக்காமல் மேலாக எடுத்து, வலை பொருத்திய புனல் வழியாக ஊற்றவேண்டும். மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைப்பது நலம். குறைத்தொட்டியில் இரவுக் குளிர்ச்சியால் நீர் கோத்து டீசலில் இறங்கும். மசகெண்ணெயின் அளவைத் தினந்தோறும் அளவுகோலில் பார்க்கவேண்டும். எஞ்சினுடன் வந்த கையேட்டில் குறித்த மணிநேரம் கழிந்தவுடன் பழைய எண்ணெயை அடியோடு வடித்துப் புதியது ஊற்றவேண்டும். போரடிக்கும் காலத்தில் காற்று வடிகட்டியை அடிக்கடி கழுவுதல் அவசியம்.

சிறு ஒழுக்கை அலட்சியம் செய்தல் கூடாது. 20 சொட்டுகள் 1 மில்லிலிட்டர் எனக் கொண்டால், நொடிக்கு ஒரு சொட்டு வீதம் மணிக்கு 180 மில்லிலிட்டர் டீசல் மண்ணில் போகும். பத்து மணி நேரத்தில் இது 1.8 லிட்டர் ஆகும்.

பழுதறியும் வரிசை

எஞ்சின் கிளம்பாவிடில் முதலில் தொட்டியில் டீசல் உண்டா, குழாய் திறந்துள்ளதா எனப் பார்க்கவேண்டும். தொட்டி ஒருமுறை வற்றியிருந்தால் குழாயில் காற்று அடைத்திருக்கும். பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழியின்றி டீசல் வரும்வரை விட்டு இறுக்கவேண்டும். அதன் பின்னும் கிளம்பாவிடில் பில்டர் அடைப்பைப் பார்க்கலாம். இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதிப்பது மெக்கானிக்கின் வேலை. அதிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகக்கூடுமாதலால், அதன் எதிரே கையை நீட்டலாகாது.

ஓடும் எஞ்சினின் புகையே அதன் நோயைத் தெரிவிக்கும். கரும்புகை வந்தால் சுமை மிகுதி, காற்று வடிகட்டி அடைப்பு, அல்லது இன்ஜெக்டர் பழுது. நீலப்புகை வந்தால் மசகெண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். கிளம்பிச் சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிடில் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது நீர் கலந்துள்ளது. எஞ்சின் மிகச் சூடேறினால் நிறுத்தி ஆறவிடவேண்டும். சூட்டோடு குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும்.

கிணற்றுக்குள் எஞ்சின் வைத்தல்

பம்பு நீரை உறிஞ்சும் உயரம் நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டரே. கோடையில் நீர்மட்டம் இறங்கியதும், சிலர் எஞ்சினையே கிணற்றுத் திட்டில் இறக்கி ஓட்டுகின்றனர். இது உயிருக்கு அபாயம். எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது இரத்தத்தோடு கலந்து பிராணவாயுவைத் தடுத்துவிடும். மயங்கி விழுந்தவனைத் தூக்க இறங்குபவனும் உடன் மடிய நேரிடும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இங்கே போதாது. விளக்கு நன்றாக எரியும்போதே இவ்வாயு உயிரைக் கொல்லும் அளவில் இருக்கக்கூடும்.

ஆகையால் எஞ்சினை மேலே நிறுத்தி, பம்பை மட்டும் திட்டில் அமைத்துப் பெல்ட்டினால் ஓட்டுவதே தக்கது. புகைக்குழாயின் வாய் கிணற்றுப் பக்கம் திரும்பியிருக்கலாகாது. எஞ்சின் ஓடும்போது எவரும் கிணற்றில் இறங்கலாகாது. உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால், எஞ்சினை உடனே நிறுத்தி, தீயணைப்புப் படையினரை அழைக்கவேண்டும். மூச்சுக் கருவியின்றிப் பிறர் இறங்காமல் தடுக்கவேண்டும். கிராம அதிகாரிகள் கோடை தொடங்குமுன்னரே தத்தம் கிராமங்களில் கிணற்றுக்குள் எஞ்சின் இறக்கியுள்ள இடங்களைக் கண்டறிந்து, உரியவர்களுக்கு இதனை எடுத்துச் சொல்லுதல் நலம். கருகிய பயிருக்கு மறு பட்டம் உண்டு; போன உயிர் மீளாது.