ஆற்றோர நாணலைத் தேடிப்போன ஆராய்ச்சி

கரும்புக்காரர் விதை தூவுவதில்லை. முற்றாத கரும்பை இரண்டு மூன்று பருக்களோடு கரணையாக வெட்டி நடுகிறார். அதில் முளைப்பது தாய்க்கரும்பின் அச்சு அசல்தான். புது இரகம் பிறக்க வழியில்லை. புதிது வேண்டுமென்றால் கரும்பு பூத்து, விதை பிடிக்க வேண்டும். வட இந்தியக் குளிரில் அது அரிது. பகல் நீளம், இரவுச் சூடு, காற்றின் ஈரம் மூன்றும் கூடிவருவதால் கோவையில் கரும்பு தாராளமாகப் பூக்கிறது. 1912-ல் கரும்பு இனப்பெருக்கு நிலையம் இங்கே அமைந்ததற்கு அது முக்கியக் காரணம். அந்த நிலையத்தின் வரலாற்றைப் படித்தால், 'இதனால் நாளைக்கு என்ன லாபம்?' என்ற ஒரே கேள்வியால் ஆராய்ச்சியை அளப்பது எவ்வளவு பெரிய தவறு என்பது விளங்கும்.

அங்கே சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற இனிப்புக் கரும்பை நாணலோடு ஒட்டுச் சேர்த்தார்கள். நாணலில் ஆலைக்கு உதவும் சர்க்கரை கிடையாது. வயலில் தலைகாட்டினால் விவசாயி வேரோடு பிடுங்கி எறிவார். ஆனால் வறட்சியையும் நோயையும் தாங்குவது அதன் இயல்பு. அந்தச் சேர்க்கையில் பிறந்த கோ 205, 1918-ல் பஞ்சாப் விவசாயிகளின் கைக்குப் போனது. அதன் உயிரணுவில் உள்ள குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தால் ஒரு வியப்பு. வெள்ளைக் கரும்புக்கு 80 குரோமோசோம்கள், கோவை நாணலுக்கு 64. தாயும் தந்தையும் பாதிப் பாதி தந்திருந்தால் பிள்ளைக்கு 72 இருக்க வேண்டும், இருப்பதோ 112. தாய் தன் 80-ஐயும் முழுதாகக் கொடுத்துவிட்டது, தந்தை 32 மட்டும் தந்தது. காட்டுப் புல்லின் உறுதியைச் சேர்த்தும் இனிப்பு அடியோடு போய்விடாமல் நின்றதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. கோவையில் உண்டாக்கிய விதை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய், என்கோ 310 என்ற பெயரில் தைவான் வரை பரவியது. அந்தப் பெயரில் உள்ள 'கோ' நம்ம கோவைதான்.

வெற்றியை மட்டும் பொறுக்கியெடுத்துச் சொல்வதாக யாரும் குறை கூறலாம். 1934 முதல் 1939 வரை இங்கே பணியாற்றிய ஜானகி அம்மாள் கரும்பை மக்காச்சோளத்தோடும் சேர்த்துப் பார்த்தார். அந்தக் கலப்பு எந்த வயலுக்கும் போகவில்லை. வீண்வேலை என்று அதைத் தள்ள என்னால் முடியவில்லை. எந்தப் புல் எந்தப் புல்லுக்கு எவ்வளவு நெருங்கிய உறவு, எதுவரை கலக்கும் என்பதைக் கலந்து பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும். குரோமோசோம்களில் அவருக்கு இருந்த இந்தத் தேர்ச்சி, ஆங்கிலேய விஞ்ஞானி டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-ல் வெளியிட்ட பயிர்களின் குரோமோசோம் தொகுப்பாக உலகுக்குப் பயன்பட்டது.

இதையெல்லாம் தனியார் நிறுவனங்கள் செய்யட்டுமே, அரசுப் பணம் எதற்கு என்பது இன்னொரு வாதம். கரும்பைப் பொறுத்தவரை இது நிற்காது. ஒருமுறை நல்ல இரகம் கிடைத்துவிட்டால் விவசாயி தன் வயலிலிருந்தே கரணை வெட்டிக்கொள்வார், பக்கத்துத் தோட்டத்துக்கும் கொடுப்பார். ஆண்டுதோறும் விதை விற்றுக் காசு பார்க்க முடியாத பயிரில் எந்தக் கம்பெனி பதினைந்து ஆண்டு காத்திருக்கும்? இன்று தமிழ்நாட்டு ஆலைக் கரும்பில் பெரும்பங்கு வகிக்கும் கோ 86032-இன் எண்ணிலேயே 1986 இருக்கிறது. அது வெளியிடப்பட்டது 2000-ல். இடைப்பட்ட ஆண்டுகளை 'எத்தனை கட்டுரை எழுதினீர்கள்?' என்று கேட்கும் தரவரிசையில் வைத்தால் என்ன மதிப்பெண் கிடைக்கும்?

தண்ணீரைக் குடிக்கும் பயிருக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்ற கேள்வி, பவானிப் பாசனத்தையும் ஆழ்குழாய்க் கிணறுகளையும் நம்பியிருக்கும் கொங்கு நாட்டில் நியாயமானது. எங்கே, எவ்வளவு கரும்பு போடலாம் என்பதை ஆய்வகம் முடிவு செய்ய முடியாது. ஆனால் குறைந்த தண்ணீரில் விளையும் கரும்பு வேண்டுமென்றால் மறுபடி நாணலிடம்தான் போக வேண்டும். அதோடு, ஒரு வெற்றி நிலைத்து நிற்பதும் இல்லை. இந்த நிலையத்தின் கர்னால் மையத்தில் உருவாகி 2009-ல் வெளிவந்த கோ 0238, உத்தரப்பிரதேசத்தின் கரும்பு வயல்களைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் செவ்வழுகல் நோய் அதைச் சாய்க்கத் தொடங்கியது. மாற்று இரகத்துக்கான பெற்றோரை எங்கே தேடுவது? கண்ணூரில் உள்ள இதே நிலையத்தின் மையம் உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த கரும்புகளையும் அவற்றின் காட்டு உறவுகளையும் உயிரோடு காத்துவருகிறது. அவற்றைத் திரும்பத் திரும்ப நட்டு, பெயர்ப்பலகை மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செய்தித்தாளில் வராத இந்த வேலைக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆளும் பணமும் ஒதுக்கப்பட வேண்டும்.