அறையறிந்து ஒலிக்கும் கருவி

பேசுவோன் ஒருவனேயாயினும், நம் செவியை எட்டுவது அவன் குரல் மட்டுமன்று. சுவரும் தரையும் கூரையும் திருப்பியனுப்பும் ஒலிகளும் உடன் வருகின்றன. இவ்வுண்மையை முறையாக அளந்து நிறுவியவர் ஹாவாட் பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர் வாலஸ் சபைன். 1895ஆம் ஆண்டில் அங்கு ஒரு விரிவுரை மண்டபத்தில், பேசிய சொல் அடங்குவதற்கு ஏறத்தாழ ஐந்தரைச் செக்கன் சென்றது. இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பிய அவர், மெத்தை கூடுந்தோறும் முழக்கம் குறைதலைக் கண்டார்.

அம்மண்டபத்தின் குறை இன்று நம் இல்லங்களிலும் உண்டு. கடல் கடந்து வாழும் பிள்ளைகள் பெற்றோர்க்கு அன்புடன் வாங்கிக் கொடுக்கும் ஹோம் தியேட்டர் சாதனங்கள், சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் கொண்ட யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒலிக்கும்போது, வெடியோசை வீட்டை அதிர்விக்கின்றது; உரையாடலோ முதியோர்க்கு விளங்குவதில்லை. பெரிய ஒலிபெருக்கி வாங்குதல் இதற்கு மருந்தாகாது. குற்றம் பெரும்பாலும் அறையினதே.

இதற்குப் பரிகாரமாக, இச்சாதனங்களை இயக்கும் றிசீவர்கள் பலவற்றில் தானியங்கி அறையளவீட்டு முறை அமைந்துள்ளது. இத்துறையில் பெயர்பெற்ற ஓடிசி நிறுவனம், தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து 2002இல் தோன்றியது. இம்முறையின் இயல்பைச் சுருங்கக் கூறுவோம்.

இருக்கையில் செவியின் உயரத்தில் ஒரு சிறிய ஒலிவாங்கியை வைத்தால், ஒலிபெருக்கிகள் ஒவ்வொன்றாகச் சோதனையொலி எழுப்பும். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் செல்லும் ஆதலின், ஒரு மீற்றர் அண்மையிலுள்ள பெட்டியின் ஒலி ஏறத்தாழ மூன்று மில்லிசெக்கன் முந்தி வரும். கருவி அதனைத் தாமதப்படுத்தி, எல்லா ஒலியும் ஒருங்கே செவிசேரச் செய்யும். உரத்ததைத் தணித்து, மெலிந்ததை உயர்த்தும். உரையாடலுக்குரிய நடுப்பெட்டி ஏனையவற்றோடு ஒத்த வலிமை பெறுதல் முதியோர்க்குப் பெரும்பயன். மேலும், ஐந்து மீற்றர் நீளமுள்ள அறையில் 35 ஹேட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி சுவரோரம் மிகுந்தும் நடுவில் மெலிந்தும் நிற்கும். பல இருக்கைகளில் அளந்தறிந்து, அம்மிகுதியையும் கருவி குறைக்கும்.

ஆயினும், வெறுஞ்சுவரின் முழக்கத்தைக் கருவி முற்றாக அகற்றமாட்டாது. சபைன் கண்ட உண்மை மாறவில்லை. தடித்த திரைச்சீலையும் கம்பளமும் முன்னர், அளவீடு பின்னர். மின்விசிறியை நிறுத்தி அளத்தலும், தளபாடத்தை இடம் மாற்றினால் மீண்டும் அளத்தலும் அவசியம்.

ஒலிவாங்கி பெட்டிக்குள்ளேயே உறங்குமாயின் இப்பயன் எதுவும் கிட்டாது. ஆதலின், சாதனம் அனுப்பும் அன்பர்கள், விடுமுறையில் ஊர் வரும்போது அதனை அளந்தமைக்க அரைமணி நேரத்தையும் பெற்றோர்க்கு ஈவாராக.