பந்து எந்த மூலையில் நிற்கும்?

பில்லியர்ட்ஸ் என்றால் துரைமார் கிளப்பில் பொழுதுபோக்கும் ஆட்டம் என்று நம்மவர் ஒதுங்கி நின்ற காலம் ஒன்று உண்டு. 1958-ஆம் வருஷம் கல்கத்தாவில் வில்ஸன் ஜோன்ஸ் என்னும் பாரத வீரர் உலக அமெச்சூர் பட்டத்தை வென்று, அந்தக் கூச்சத்தைப் போக்கினார். அவரைப் போல் ஆட நமக்கு வராது. மேஜை வாங்கவும் வசதியில்லை. ஆனால் கட்டம் போட்ட காகிதமும் ஒரு பென்ஸிலும் இருந்தால், வேறொரு விளையாட்டை வீட்டிலேயே ஆடிப் பார்க்கலாம்.

ஐந்து கட்டம் நீளமும் மூன்று கட்டம் அகலமும் உள்ள செவ்வகம் ஒன்று வரையுங்கள். அதன் ஒரு மூலையிலிருந்து பந்து 45 பாகைச் சாய்வில் புறப்படட்டும். விளிம்பில் பட்டால், பட்ட சாய்விலேயே திரும்பட்டும். ஆறு தடவை மோதியபின், அது நேர் எதிர் மூலையை அடைகிறது. பதினைந்து கட்டங்களில் ஒன்றைக்கூட விடாமல், ஒவ்வொன்றிலும் ஒரே முறை புகுந்து வந்திருக்கிறது!

நான்குக்கு மூன்று மேஜையில் ஐந்து மோதல். ஏழுக்கு இரண்டில் ஏழு. இவற்றை நம் வகுப்பில் வரைந்தபோது, ஒரு பையன் எழுந்து, "நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டைக் கழித்தால் சரியாக வருகிறது, ஸார்!" என்றான். நாமும் அகமகிழ்ந்து, கரும்பலகையில் அதை விதி என்றே எழுதிவிட்டோம்.

மறுநாள் ஒரு சிறுமி, ஆறுக்கு நான்கு மேஜையை வரைந்து எடுத்து வந்தாள். விதிப்படி எட்டு மோதல் வேண்டும். அவள் படத்தில் இருந்தவை மூன்றே. இரண்டு தடவை வரைந்து பார்த்தோம். மூன்றுதான்! எழுதிய கையாலேயே விதியை அழிக்க நேர்ந்தது.

பிழை எங்கே? பந்து திரும்புவதாக எண்ணாமல், மேஜையையே கண்ணாடிப் பிம்பம்போல் விளிம்புக்கு அப்பால் புரட்டிப் போடுவோம். இப்போது பந்தின் பாதை ஒரே நேர்கோடு. நீளத்தின் மடங்கும் அகலத்தின் மடங்கும் முதன்முதல் சமமாகும் இடத்தில் அது ஒரு மூலையைத் தொடும். ஆறுக்கும் நான்குக்கும் அந்த இடம் 12. அதற்குள் நீளவாக்கில் 6-லும், அகலவாக்கில் 4, 8 ஆகியவற்றிலும் விளிம்புகளைக் கடக்கிறது. ஆக மோதல் மூன்று.

ஆகையால், இரு எண்களையும் மீதமின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்ணால் முதலில் வகுத்துவிட வேண்டும். பிறகே கூட்டி, இரண்டைக் கழிக்க வேண்டும். அந்தப் பெரிய எண்ணைக் காண, ஒன்றை மற்றொன்றால் மாறி மாறி வகுத்துச் செல்லும் முறையே போதும். 499-ல் இயற்றிய ஆர்யபடீயத்தில் ஆரியபட்டர் கூறிய குட்டகக் கணிதத்திற்கும் அதுவே அடிப்படை.

அவ்வாறு வகுத்து வந்த எண்கள் இரண்டும் ஒற்றைப்படையானால், பந்து எதிர் மூலையில் நிற்கும். புறப்பட்ட மூலைக்கு மட்டும் அது எக்காலும் திரும்பாது. ஏன் என்பதைக் கண்டுபிடிக்கும் இன்பத்தை வாசக நேயர்களின் குழந்தைகளுக்கே விட்டுவிடுகிறோம்.

அந்தப் பையன் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். அவன் விதி முழுப் பொய்யல்ல. பொதுக் காரணி இல்லாத மேஜைகளுக்கு அது இன்றும் மெய்யே. பிழை நம்முடையது. மூன்று உதாரணங்களைக் கண்டு விதி என்று முடிவு கட்டினோம். நான்காவது உதாரணத்தைத் தேடிப் போனவள் அச்சிறுமி. கணிதம் கற்பதென்பது அதுதான் என்று இருவருக்கும் சொன்னோம், நமக்கும் சொல்லிக்கொண்டோம்.