கைபேசிக்குள் ஓர் ஊர் – 9: பட்டா இல்லாத குடியிருப்பு

வடுகபட்டியில் இப்போது கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடும் வயதிலிருக்கும் பையன்களிடம் "பழைய ஐடி" என்று ஆரம்பித்தால் போதும், கதை தானாக வரும். ஒருவன் பப்ஜியில் பாதி ராத்திரி முழித்து ஏறியவன். இன்னொருவன் ஃப்ரீ ஃபயரில் திருவிழாக் காசையெல்லாம் டைமண்டாக மாற்றியவன். முடிவு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "ஐடி போச்சுண்ணே." எங்கே போச்சு என்று கேட்டால் கம்பெனி அழிச்சிருச்சு, கவர்மென்ட் தூக்கிருச்சு, எவனோ ஹேக் பண்ணிட்டான் என்று ஆளுக்கொரு பதில். அதிகம் காதில் விழுவது முதல் பதில். பெரும்பாலும் தப்பான பதிலும் அதுதான்.

'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். பின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2012இல் வெளியிட்டது. 180 நாள் எட்டிப் பார்க்காத கணக்கை மூடும் உரிமை தனக்கு உண்டு என்று அதன் விதிமுறைகளில் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் நாலைந்து வருடம் கழித்துத் திரும்பிப் போனவர்களும் விளையாட்டுக்குள் தாங்கள் கட்டிய கிராமத்தை விட்ட இடத்திலேயே பார்த்திருக்கிறார்கள். உரிமை காகிதத்தில் இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்துவதுதான் அபூர்வம். ஆளில்லாத அந்தக் கிராமத்தில் தங்கச் சுரங்கமும் எலிக்சர் தொட்டியும் நிரம்பி வழியும். அப்படிப்பட்ட கிராமத்துக்கு விளையாடுபவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டெட் பேஸ்'. தட்டிக் கேட்க ஆள் இல்லை என்று தெரிந்து தேடித் தேடி வந்து அள்ளுவார்கள். அள்ளப்படுவது சேர்ந்து கிடக்கும் தங்கமும் எலிக்சரும்தான். கட்டிய சுவரும் ஏற்றிய பீரங்கியும் அப்படியே நிற்கும். சேர்ந்து விளையாடும் குழுவின் தலைவர் 90 நாள் தலைகாட்டாவிட்டால் தலைமை தானாகவே துணைத் தலைவர் ஒருவருக்குக் கைமாறிவிடும். நம் கூட்டுறவுச் சங்கங்கள் சிலவற்றில்கூட இவ்வளவு தெளிவான ஏற்பாடு கிடையாது.

ஏன் அழிப்பதில்லை? ஒரு ஆட்டக்காரரின் மொத்தச் சரித்திரமும் சர்வரில் அடைக்கும் இடம் மிகக் கொஞ்சம். திரும்பி வருகிற பழைய ஆளோ காசு செலவழித்துப் பழகியவர். "மறுபடி வந்ததற்கு நன்றி" என்று இலவசப் பரிசு கொடுத்து உட்கார வைப்பதில்தான் கம்பெனிக்கு லாபம்.

அப்படியானால் ஐடி எங்கே போகிறது? வீடு இருக்கிறது, சாவிதான் தொலைகிறது. 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய போன், இல்லாவிட்டால் அப்பாவின் போன். அவசரத்தில் 'கெஸ்ட்' என்று தட்டி உள்ளே போயிருப்பான். கெஸ்ட் கணக்குக்கு அந்தப் போன்தான் ஒரே அடையாளம். பெரியகுளத்துக் கடையில் போனை மாற்றும்போது ரீசெட் அடித்துக் கொடுத்தால் கதை முடிந்தது. கணக்கு சர்வரில் இருந்தாலும், அது என்னுடையது என்று காட்ட ஒரு துரும்பும் மிஞ்சாது.

ஜிமெயிலோடு கட்டியவர்களுக்கு வேறு வழியில் சிக்கல். இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கப்போவதாக கூகுள் 2023 மே மாதம் அறிவித்து, அந்த டிசம்பரில் தொடங்கியது. தினமும் பயன்படுத்தும் ஜிமெயிலுக்கு ஆபத்தில்லை. போவது, வீட்டுக்குத் தெரியாமல் கேமுக்காகவே திறந்த அந்த இரண்டாவது ஜிமெயில். அழிந்த முகவரியை அதே பெயரில் மறுபடி வாங்கவும் முடியாது.

மூன்றாவது, சிம். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். துண்டித்த பிறகு குறைந்தது 90 நாள் கழித்து அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது 2023இல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட நிலை. அந்த எண்ணில் திறந்த பேஸ்புக் கணக்கு வழியாக கேமுக்குள் போனவனின் ஓடிபி, அதற்குப் பிறகு முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் போனில் மணியடிக்கும்.

'கவர்மென்ட் தூக்கிருச்சு' என்பதிலும் பாதி உண்மை உண்டு. 2020 செப்டம்பர் 2இல் தடை செய்யப்பட்ட 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. அக்டோபர் 30இல் இந்தியாவில் சேவையே நின்றது. அதற்குப் பதிலாக 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் பிஜிஎம்ஐ கொண்டுவந்து, பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள அந்த வருடம் டிசம்பர் 31 வரை வழி வைத்தது. சமூக வலைத்தளக் கணக்கோடு கட்டி வைத்தவர்களுக்குத்தான் அந்த வழி. விடாமல் விளையாடிக்கொண்டிருந்தவன் செய்தி தெரிந்து மாற்றிக்கொண்டான். அப்பா அம்மா சொல்கேட்டு, பிளஸ் டூ படிக்கிறேன் என்று கேமை ஓரங்கட்டிய நல்ல பிள்ளைதான் தேதியைத் தவறவிட்டான். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? ஃப்ரீ ஃபயர்காரர்கள் தப்பித்தார்கள். 2022 பிப்ரவரியில் அது தடைக்குள் போனாலும், அதே ஐடி ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் திறந்தது.

இருந்ததை இழந்து இடம்பெயர்வது வடுகபட்டிக்குப் புதிதல்ல. வைகை அணை 1959இல் திறக்கப்படுவதற்கு முன் நீர்ப்பிடிப்பு ஊர்களிலிருந்து கிளம்பிய குடும்பங்களில் சில வடுகபட்டிக்கு வந்து சேர்ந்தன. மெட்டூரிலிருந்து வந்த கவிஞர் வைரமுத்துவின் குடும்பமும் அவற்றில் ஒன்று. அவர்களுடைய இழப்பைப் பையன்களின் இழப்போடு சேர்த்து எடை போடக் கூடாது. ஆனாலும் சட்டத்தில் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. நிலத்துக்குப் பட்டா இருந்தது. கொடுத்த நஷ்டஈடு பத்தாது என்று சண்டை போடவாவது கையில் காகிதம் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய ஸ்கின் என்ற அலங்காரமும் யூசி என்ற விளையாட்டுப் பணமும் அப்படியல்ல. ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் அவற்றைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே தருகின்றன. புறம்போக்கில் மாடி வீடு கட்டியது போலத்தான்.

நிறுவனமே கடையைக் கட்டினால் அனுமதியும் போச்சு. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் மொபைல் 2022 மே மாதம் வந்தது, அடுத்த மே 1இல் மூடப்பட்டது. ஒரு வருடம்கூட முழுசாக ஓடவில்லை. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டை நிறுவனம் நினைத்தபோது முடக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்திடம் கேட்டு 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒரு குரல் இன்னும் கேட்கவில்லை.

நம்மிடம் வந்திருப்பது வேறு மாதிரிச் சட்டம். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, இந்தியாவில் 50 லட்சமும் அதற்கு மேலும் பதிவு செய்த பயனாளர்கள் உள்ள ஆன்லைன் விளையாட்டு நிறுவனம், மூன்று வருடம் எட்டிப் பார்க்காதவரின் தனிப்பட்ட தகவல்களை அழித்துவிட வேண்டும். கணக்கைத் திறப்பதற்குத் தேவையானதை வைத்துக்கொள்ளலாம். விதியின் இந்தப் பகுதி அமலுக்கு வர, அறிவிப்பிலிருந்து 18 மாத அவகாசம். அழிப்பதற்கு 48 மணி நேரம் முன்பாக, "உள்ளே வாருங்கள், இல்லாவிட்டால் தகவல் போய்விடும்" என்று பயனாளருக்குச் சொல்லவும் வேண்டும்.

நல்ல விதிதான். ஆனால் அந்தச் செய்தி 2020இல் கொடுத்த எண்ணுக்கும் மெயிலுக்கும்தானே வரும். எனவே பழைய ஐடி எதிலாவது இன்னும் உள்ளே போக முடிகிறவர்கள், விளையாடாவிட்டாலும் பரவாயில்லை, ஒருமுறை திறந்து, கெஸ்ட்டாக இருந்தால் நடப்பிலுள்ள ஜிமெயிலோடு கட்டி, அந்த ஜிமெயிலின் மீட்பு எண் இப்போதைய சிம்தானா என்று பார்த்துவிடுங்கள்.

ஐடியை விற்றவர்களையும், வாங்கி ஏமாந்தவர்களையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)