சிறுநீரகம் நலம், தோலில்தான் வில்லங்கம்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. குடிமக்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வழிவந்த வெளிறிய தோல்காரர்கள். அங்கு மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களைப் பற்றிய ஆய்வு 1996இல் வெளியானது. அறுவை முடிந்த ஓராண்டில் 7 சதவீதம் பேருக்குத் தோல் புற்றுநோய்; 11 ஆண்டுகளில் 45; 20 ஆண்டுகளில் 70. வெயில் குறைந்த நெதர்லாந்திலேயே 20 ஆண்டுகளில் 40 சதவீதம் என்பதால், பழியை முழுக்கச் சூரியன் தலையில் போட முடியாது.

மீதிப் பழி மாத்திரைகளுக்கு.

1954இல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே சிறுநீரக மாற்றில் முதல் வெற்றி கண்டபோது, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் உருவான இரட்டையர். உடல் முரண்டு பிடிக்கவில்லை. மற்றவர்களுக்கு அந்தக் கொடுப்பினை ஏது? வந்த உறுப்பை உடல் தாக்காமலிருக்க, எதிர்ப்பாற்றலை ஆயுள் முழுக்க மருந்தால் அடக்க வேண்டும். அப்போது, வெயிலில் கெட்டுப்போன தோல் செல்களைத் தேடி அழிக்கும் காவலும் தளர்ந்துவிடுகிறது. பழைய மருந்தான அசதியோபிரின் ஒரு படி மேலே போய், டிஎன்ஏவுக்குள்ளேயே புகுந்து, புற ஊதா ஏ கதிர் அதை எளிதில் சிதைக்கும்படி செய்கிறது. பரவக்கூடிய தோல் புற்றுநோய் வகையான செதிள் செல் புற்று, மாற்றுறுப்பு பெற்றவர்களுக்கு மற்றவர்களைவிட 65 மடங்கு அதிகம் என்று நார்வேயில் கணக்கிட்டார்கள்.

மாத்திரையை நிறுத்தினால் சிறுநீரகம் போய்விடும்; ஆனால் வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்க்கலாம். ஈஸ்டர் தீவின் மண்ணில் 1960களில் எடுத்த பாக்டீரியாவிலிருந்து பிறந்த சிரோலிமஸ், எதிர்ப்பாற்றலை அடக்கும். கட்டியின் வளர்ச்சியையும் தடுக்கும். ஏற்கெனவே செதிள் செல் புற்று வந்த 120 மாற்றுச் சிறுநீரகக்காரர்களிடம் ஐரோப்பாவில் சோதித்தார்கள். இந்த மருந்துக்கு மாறியவர்களில் 22 சதவீதம் பேருக்கும், அதுவரை எடுத்துவந்த மருந்திலேயே இருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும் மீண்டும் வந்தது. நல்ல செய்திதான். ஆனால் மாறியவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் பக்கவிளைவு தாங்காமல் விட்டுவிட்டார்கள்.

இதைவிட மலிவான வழியை பெர்லினில் பார்த்தார்கள். உறுப்பு மாற்றுப் பெற்ற 60 பேருக்கு சன்ஸ்கிரீனை இலவசமாகக் கொடுத்துத் தினமும் பூசச் சொன்னார்கள். இரண்டாண்டில் அவர்களிடம் புதிதாக ஒரு செதிள் செல் புற்றும் இல்லை. கொடுக்கப்படாத 60 பேரிடம் எட்டு.

கறுத்த தோலுக்குக் கவலையில்லை என்று இருந்துவிடவும் முடியாது. பிலடெல்பியாவில் உறுப்பு மாற்றுப் பெற்ற கறுப்பினத்தவரைப் பரிசோதித்தபோது, வெயிலே படாத இடங்களில், குறிப்பாகப் பிறப்புறுப்பைச் சுற்றி, புற்று தென்பட்டது. மனிதப் பாப்பிலோமா வைரஸுக்கு இதில் பங்குண்டு. முகத்தையும் கையையும் மட்டும் பார்த்து அனுப்பிவிடும் டாக்டர் கண்ணில் அது படாது.