எந்த நாவலை எழுதுவது?

பனமரத்துப்பட்டியில் என் தமக்கை வீட்டிற்குச் சென்றிருந்தேன். சேலம் நகருக்குக் குடிநீர் தருவதற்கென்று 1911ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற ஏரி உள்ள ஊர் அது. இப்பொழுது சுற்றுவட்டாரத்தில் அரளி சாகுபடி மிகுதி. தமக்கை குடும்பத்தினரும் குத்தகை நிலத்தில் அரளி போட்டிருக்கிறார்கள். விடியுமுன் மொக்குப் பறித்துவிட்டுப் பள்ளிக்குப் போகும் அவள் மகள், அன்று மாலை கன்னத்தில் கை வைத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தாள். பதினோராம் வகுப்பு மாணவி. புகழ்பெற்ற தமிழ் நாவல் ஒன்றைப் படித்துப் பத்துப் பக்கக் கட்டுரை எழுதி வருமாறு தமிழாசிரியை பணித்திருக்கிறார். தவணை மூன்று வாரம். எந்த நாவல் என்பது மாணவர் விருப்பம். அந்த விருப்பமே அவளுக்குச் சுமையாகிவிட்டது.

“பாதிப் பேர் பொன்னியின் செல்வன்தான் எழுதுகிறார்கள், மாமா. நானும் அதையே எழுதிவிடட்டுமா?”

“படித்தாயா, கண்ணு?”

“படம் பார்த்தேன்.”

கல்கி 1950 முதல் 1954 வரை தம் இதழில் தொடராக எழுதிய கதை அது; நூலாக ஐந்து பாகம். பறிப்பும் பள்ளியும் போக மிஞ்சும் நேரத்தில் மூன்று வாரத்திற்குள் அதைப் படித்து முடிப்பது எளிதன்று. திரைப்படத்தை வைத்து எழுதலாமென்றால், படத்தில் விட்டதும் மாற்றியதும் பல. ஆசிரியை ஒரு கேள்வி கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். கல்கி திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியின் ‘விமோசனம்’ இதழில் பணியாற்றியவர், நம் வட்டாரத்தை அறிந்தவர் என்றெல்லாம் சொன்னேன். அவள் கொட்டாவி விட்டாள்.

பின்பு நான் பரிந்துரைத்தது ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. இதில் எனக்குச் சிறிது சுயநலம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1879இல் வெளிவந்த அந்நூல், தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படுவது. அதன் ஆசிரியர் மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளை நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர். பஞ்ச காலத்தில் தம் பொருளைக் கொடுத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தவர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்துத் தந்தவர். கதையில் ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். பெண் பிள்ளை எழுதுவதற்கு வேறென்ன வேண்டும் என்று எண்ணினேன்.

ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள். “நன்றாக இருக்கிறது, மாமா. சிரிப்பும் வருகிறது. ஆனால் எழுத எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஞானாம்பாள் எல்லாவற்றையும் சரியாகவே செய்துவிடுகிறாளே!”

எனக்குச் சற்று வருத்தந்தான். எனினும் அவள் சொன்னதை மறுக்க இயலவில்லை. அந்த நாவலைப் பற்றிச் சொல்ல எனக்கு நூறு செய்தி உண்டு. எழுத வேண்டியவளோ அவள். பெற்றோர்களே, நாமும் இப்படித்தான் நம் விருப்பத்தைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றிவிட்டு, அவர்கள் கடையில் விற்கும் உரைநூலைப் பார்த்து எழுதினால் கடிந்துகொள்கிறோம்.

நிற்க. பள்ளி நூலகத்தில் அவளே தேடி எடுத்தது ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’. எடுத்ததற்குக் காரணம், அது மெலிந்த புத்தகம் என்பதுதான்! 1942இல் வெளிவந்தது. கொங்கு நாட்டுக் குடியானவர் பேச்சு அதில் அப்படியே ஒலிக்கும். சேலத்துப் பேச்சுக்கு அது அண்டை வீடு. கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள். தூண்டிவிடும் கெட்டியப்பன் துணை நிற்கிறான். முடிவில் சின்னப்பன் கொலையுண்கிறான்.

அடுத்த முறை நான் சென்றபோது அவள் கேட்டாள்: “பங்கு கேட்டது தப்பா, மாமா?”

நான் சட்டத்தைச் சொல்லத் தொடங்கினேன். இந்துக் கைம்பெண்களுக்குச் சொத்தில் உரிமை தந்த சட்டம் 1937இல் வந்தது. ஆனால் அது விவசாய நிலத்திற்குச் செல்லாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறிவிட்டது. சென்னை மாகாணத்தில் நிலத்திற்கும் அதை நீட்டித்தது 1947இல். ஆகவே நூல் வெளிவந்த ஆண்டில், நாகம்மாளைப் போன்றவர்களுக்கு நிலத்தில் அச்சட்டத்தின் துணை இல்லை. நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கோ 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் வேறாக உண்டு. உயில் எழுதாமல் கணவன் இறந்து, பிள்ளைகளும் இருந்தால், அவன் சொத்தில் மூன்றில் ஒன்று மனைவிக்கு.

உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பாயியின் கை நின்றது.

“மூன்றில் ஒன்றா?”

அவ்வளவே கேட்டார். முப்பது வயதில் கணவனை இழந்தவர் அவர். இறந்தவரின் பங்கு இன்றுவரை கொழுந்தனாரின் வேலிக்குள் இருக்கிறது. அவர் மகன் பிறர் நிலத்தில் குத்தகைக்கு அரளி பயிரிடுகிறார். “ஊர் வாய்க்குப் பயந்து நான் கேட்கவே இல்லை” என்று சிறிது நேரம் கழித்துச் சொன்னார்.

பேத்தி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் எழுத அமர்ந்தாள். கேட்டது பிழையா, கேட்கத் துணைக்கொண்ட ஆள் பிழையா, கேட்காமல் இருந்துவிடுவது நன்மையா என்று மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு எழுதினாள். நாகம்மாளின் நாவன்மையையும் ஆத்திரத்தையும் அவள் மறைக்கவில்லை. சின்னப்பன் கெட்டவன் அல்லன் என்றும் எழுதியிருந்தாள். ஒரு பக்கத்தில் மட்டும், ஞானாம்பாளுக்கு அரசு கிடைத்தது, நாகம்மாளுக்கு ஒரு காணி நிலம் கிடைக்கவில்லை என்று ஒப்பிட்டிருந்தாள். என் பரிந்துரை அந்த அளவிற்குப் பயன்பட்டது!

பத்துப் பக்கம் வரவில்லை. எட்டரைப் பக்கந்தான். பள்ளியில் கொடுப்பதற்கு முந்திய இரவு, செபமாலை முடிந்தபின், அதைப் படித்துக் காட்டுமாறு அப்பாயி கேட்டார். அவள் படித்தாள். சின்னப்பன் சாகும் இடத்தில் அவர் சிலுவை வரைந்துகொண்டார். முடித்ததும், “அந்தப் பங்கு கேட்கும் இடத்தை மட்டும் இன்னொரு தரம் படி, தாயி” என்றார்.