படைத்தவர் கையிலிருந்து படிப்பவர் கைக்கு

(பத்தாம் வகுப்பு மாணவி)



நம் விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். இங்கே களிமண்ணை அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டிய பொம்மைகள் வெளியூர்களுக்குச் செல்கின்றன. கொலுப்படியில் பொம்மையை வைப்பவருக்கு அதைச் செய்தவர் யாரென்று தெரியாது. செய்தவருக்கும் அது யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியாது. இருவருக்கும் இடையில் வியாபாரி இருக்கிறார். கதை எழுதுவோர், பாடுவோர், படம் எடுப்போர் ஆகியோரின் நிலையும் நெடுங்காலம் இதுவாகவே இருந்தது. இன்று அவர்களிற் பலர் தமக்கென ஓர் இணையதளம் அமைத்து, ரசிகர்களிடம் நேரே விற்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்பதைக் காண்போம்.

இம்முறையின் வேர் மிகப் பழையது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, நூல் வெளிவருமுன்பே அன்பர்கள் பலரிடம் கையொப்பம் பெற்றுப் பொருள் சேர்த்தார். மகாகவி பாரதியார் 1920-இல் கடையத்தில் இருந்தபோது, தம் எழுத்துகளை 40 நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட எண்ணினார். ஆளுக்கு 100 ரூபாயாவது கடனாக அனுப்பும்படி நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் பரவ வேண்டும் என்பது அவர் ஆசை. போதிய பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். அவரிடம் பாட்டு இருந்தது. நாட்டில் படிப்பவரும் இருந்தனர். இருவரையும் இணைக்கும் வழிதான் இல்லை.

அந்த வழியைத்தான் இணையம் இன்று தருகிறது. இதற்கு மூன்று பொருள்கள் தேவை. முதலாவது, ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பெறும் இணைய முகவரி. இரண்டாவது, பக்கங்களைச் சேமித்து வைக்க வாடகைக்கு எடுக்கும் இடம். மூன்றாவது, பணம் வாங்கும் வசதி. 2016-இல் யு.பி.ஐ. முறை வந்தபின், சிற்றூரில் இருப்பவரும் கைப்பேசியிலேயே பணம் அனுப்ப முடிகிறது.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போமா? ஒரு நூலின் விலை 200 ரூபாய் என்று கொள்வோம். பதிப்பகம் 10 சதவீதம் உரிமைத்தொகை கொடுத்தால் எழுத்தாளருக்கு 20 ரூபாய் கிடைக்கும். அவரே விற்றால், அச்சுக்கு 80, தபாலுக்கு 40, பணம் பெறும் கட்டணம் 4 எனக் கழித்தபின் 76 ரூபாய் மிஞ்சும். ஆனால் 500 பிரதிகள் அச்சிட 40,000 ரூபாயை அவரே முன்னதாகப் போட வேண்டும். விற்காவிட்டால் நட்டமும் அவருடையதே. பதிப்பகமும் கடைக்காரரும் தம் பங்கைச் சும்மா பெறவில்லை என்பது இதனால் விளங்கும்.

எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் தேசாந்திரி என்னும் சொந்தப் பதிப்பகம் வைத்துத் தம் நூல்களை வெளியிடுகிறார். அவை இணையம் வழியாகவும் விற்பனையாகின்றன. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை வெண்முரசு நாவல் வரிசையைத் தம் தளத்தில் நாள்தோறும் இலவசமாக வெளியிட்டார். இலவசமாகப் படித்தவர்களிற் பலர் பின்பு அச்சு நூலையும் வாங்கினர். இங்கிலாந்தின் ரேடியோஹெட் இசைக்குழு 2007 அக்டோபரில் தன் இசைத்தொகுப்பைத் தன் தளத்திலேயே வைத்து, விலையை ரசிகர்களே முடிவு செய்யட்டும் என்றது. எல்லா முயற்சியும் வென்றுவிடுவதில்லை. இயக்குநர் சேரன் 2015-இல் புதுப்படங்களைக் குறுந்தகட்டில் வீட்டுக்கே கொண்டு சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கினார். அது நிலைக்கவில்லை.

யூடியூப் போன்ற இடங்களில் போட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அங்கே நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 சதவீதம் படைத்தவருக்குக் கிடைக்கிறது; கூட்டமும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் விதிகளை வகுப்பது அந்நிறுவனம். அது கணக்கை மூடிவிட்டால் ரசிகர்களை மறுபடி தேடிப் பிடிக்க வழியில்லை. சொந்தத் தளத்திலோ, விரும்பி வாங்கியவர்களின் முகவரி படைத்தவரிடமே இருக்கும். அடுத்த நூல் வரும்போது அவர்களுக்கே எழுதலாம். பணத்தைவிட இந்த உறவே பெரிய முதல். ஆயிரம் உண்மையான ரசிகர்கள் இருந்தால் ஒரு கலைஞர் பிழைக்கலாம் என்று அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008-இல் எழுதியதன் கருத்தும் இதுவே.

உறவு என்றால் பொறுப்பும் உண்டு. சொன்ன நாளில் பொருளை அனுப்ப வேண்டும். உடைந்து போனால் மாற்றித் தர வேண்டும். வாங்கியவரின் முகவரியைப் பிறரிடம் கொடுக்கக் கூடாது. நம்மைப் போன்ற சிறுமியர் பெற்றோருக்குத் தெரியாமல் வீட்டு முகவரியையோ வங்கி விவரத்தையோ இணையத்தில் வெளியிடவும் கூடாது.

தோழியரே, நம் வகுப்பிலேயே கோலம் வரைவோரும் கவிதை எழுதுவோரும் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கின்றனர். படிப்பு முடிந்தபின் உங்கள் கைவேலையை விற்கும் நாள் வரலாம். அன்று வியாபாரியிடம் கொடுப்பதா, நேரே விற்பதா என்பதைக் கணக்குப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். எந்த வழியில் விற்றாலும், செய்தவரின் பெயரை அப்பொருளின் மேல் எழுத மறவாதீர்கள்!